குன்ம நோயும் கும்பிடு வைத்தியமும்

வயிற்றெரிச்சல், புளியேப்பம், நெஞ்சுக் கரிப்பு, சாப்பிட்டாலும் வலி, சாப்பிடாவிட்டாலும் வலி என்று வருஷக்கணக்கில் மனிதனை உருக்கி எடுக்கும் ஒரு நோய், நமது நாட்டு ஏழை மக்களைப் பிடித்து ஆட்டி வருகின்றது என்பது யாவரும் அறிந்த விஷயமேயாகும். பழைய வைத்தியர்கள் இதைக் குன்மம் என்றார்கள். புராணக்காரர்கள் சூலை என்றார்கள். கடைவீதியில் இதற்கு "கேஸ்" என்றும் "அல்சர்" என்றும் பெயர். டாக்டர்கள் இரைப்பை அழற்சி என்கின்றார்கள். பெயர் எத்தனை முறை மாறினபோதிலும், இந்நோயைச் சுற்றிப் பின்னி வைக்கப்பட்டிருக்கும் புரட்டு மாத்திரம் மாறினபாடில்லை.

சென்னைப் பட்டணத்தில் சாந்தோமுக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் நடுவில் கடலை ஒட்டியிருப்பது நொச்சிக்குப்பம். அங்கிருந்து மேற்கே கால் மணி நேரம் நடந்தால் மயிலாப்பூர் கபாலி கோயில் குளம். குப்பத்து ஆண்கள் விடியுமுன்னே ஒரு டீயையும் ஒரு பீடியையும் நம்பிக் கடலுக்குப் போகின்றவர்கள். பெண்கள் கூடையும் கையுமாக ஓடி, மீனை ஏலம் எடுத்து வந்து, வெயில் ஏறும் வரை விற்பனைக்கு உட்காருகின்றவர்கள். காலைச் சாப்பாடு பதினொரு மணிக்கோ பன்னிரண்டு மணிக்கோ, கிடைத்தால் உண்டு. இடுப்பு வலிக்கும் முழங்கால் வலிக்கும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு வேலை செய்வதும் வழக்கம். இவ்வளவும் செய்த வயிறு எரியாமல் வேறு என்ன செய்யும்?

ஆனால் வயிறு எரிகின்றது என்று சொன்ன மாத்திரத்தில் அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கின்ற பதில் என்ன? "உனக்கு யாரோ இடுமருந்து வைத்துவிட்டார்கள், தாயே" என்கின்றான் ஒருவன். "குலதெய்வத்துக்கு நேர்ந்ததைச் செய்யாத குற்றம்" என்கின்றான் மற்றொருவன். "முற்பிறவியில் செய்த பாவம், அனுபவித்துத்தான் தீரவேண்டும்" என்கின்றான் மூன்றாமவன். "மீன் தின்கின்ற வயிறு எரியாமல் என்ன செய்யும்?" என்கின்றான் நான்காமவன். இந்த நால்வரில் ஒருவனாவது, "அம்மா, நீ கடைசியாக எப்பொழுது சாப்பிட்டாய்?" என்று கேட்டதுண்டா என்று நாம் கேட்கின்றோம்.

சூலைக் கதை

இந்தப் புரட்டுக்கு வேர் எங்கே இருக்கின்றது என்று பார்த்தால், அது புராணத்திலேயே இருக்கின்றது. திருநாவுக்கரசர் என்னும் அப்பர் சமண மதத்தில் இருந்தாராம்; அவரைச் சைவ மதத்துக்கு இழுப்பதற்காகச் சிவபெருமான் அவர் வயிற்றில் சூலை நோயை ஏவினாராம்; சமணர்கள் மந்திரித்துப் பார்த்தும் தீரவில்லையாம்; தமக்கையார் திருநீறு கொடுக்க, திருவதிகைக் கோயிலில் பாடினவுடன் நோய் பறந்துவிட்டதாம். பெரிய புராணம் இதைப் பக்தியோடு சொல்லுகின்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் இக்கதை சொல்லிக் கொடுக்கப்படுகின்றது.

இதை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதன் தன் கட்சியை விட்டு நம் கட்சிக்கு வரவேண்டும் என்பதற்காக அவன் வயிற்றில் வலியை உண்டாக்குகின்றவனை நாம் உலக வழக்கில் என்ன பெயர் சொல்லி அழைப்போம்? அதே காரியத்தைக் கடவுள் செய்தால் மாத்திரம் அதற்குப் பெயர் "ஆட்கொள்ளுதல்" ஆகிவிடுமா? சமணர் மந்திரம் பலிக்கவில்லை, சைவர் திருநீறு பலித்தது என்றால், இது இரண்டு மந்திரக்காரர்களின் வியாபாரப் போட்டியேயல்லாமல் வைத்தியமாகுமா? நிற்க, நம்முடைய ஆட்சேபணை கதையைப் பற்றியதன்று. அதனால் விளைந்த பலனைப் பற்றியதேயாகும். வயிற்றுவலி தெய்வக் குற்றத்தால் வருவது, தெய்வத்தால் போவது என்னும் எண்ணம் அந்தக் கதையோடு கூடவே நமது இரத்தத்தில் ஏற்றப்பட்டுவிட்டது. அதன் பயனாகத்தான் திருநீறு, தாயத்து, ஜெபித்த எண்ணெய், ஓதிய தண்ணீர் என்று எல்லா மதத்துக்காரர்களும் நம்முடைய வயிற்றின்மேலேயே கடை வைத்திருக்கின்றார்கள்.

மருந்து எடுக்கும் மாயம்

இடுமருந்து எடுக்கின்றவர்களுடைய வித்தையையும் சற்றுக் கவனிப்போம். நோயாளியின் தொப்புளில் ஒரு குழலை வைத்து உறிஞ்சுவார்கள்; அல்லது வயிற்றை எண்ணெய் தடவி உருவுவார்கள். பிறகு மயிர்ச் சுருளையோ, கருப்பான ஓர் உருண்டையையோ துப்பிக் காட்டி, "ஆறு வருஷமாய் உள்ளே இருந்தது இதுதான்" என்பார்கள். பார்த்தவர்கள் நடுங்கிப்போய்ப் பணம் கொடுப்பார்கள்.

வயிற்றுக்குள் இருக்கின்ற பொருள் ஒன்று, தோலையும் கொழுப்பையும் சதையையும் துளைக்காமல், ஒரு சொட்டு இரத்தமும் வராமல் குழல் வழியாக எப்படி வெளியே வரும்? அது நோயாளியின் வயிற்றிலிருந்து வரவில்லை. உறிஞ்சினவன் வாயில் முன்னமே அடக்கி வைத்திருந்த இடத்திலிருந்துதான் வருகின்றது. அன்றியும் நாம் உண்ட சோறு நாலைந்து மணி நேரத்தில் இரைப்பையை விட்டு இறங்கிவிடுகின்றது. இரைப்பையின் உள் தோலோ சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகின்றது. இப்படிப்பட்ட இடத்தில் ஆறு வருஷத்துக்கு முன் மாமியார் முட்டையில் வைத்த மருந்து இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது என்றால் அதை நம்புகின்றவர்களை என்னவென்று சொல்வது?

கடலில் படகின் இயந்திரம் நின்றுபோனால் மீனவத் தோழர் என்ன செய்கின்றார்? எண்ணெய் இருக்கின்றதா, தண்ணீர் கலந்துவிட்டதா என்று பார்க்கின்றார். கரைக்கு வந்து மெக்கானிக்கைத் தேடுகின்றார். "என் இயந்திரத்துக்கு யார் மருந்து வைத்தது?" என்று கேட்பதில்லை. வலை கிழிந்தால் நூலும் ஊசியும் எடுக்கின்றாரேயல்லாமல் வலையின் ஜாதகத்தைப் பார்ப்பதில்லை. இரும்புக்கும் நூலுக்கும் காட்டுகின்ற அறிவைத் தன் மனைவியின் வயிற்றுக்குக் காட்ட வேண்டாமா?

இந்தப் பித்தலாட்டத்தால் நஷ்டம் பணம் மாத்திரமல்ல. குடும்பமும் குலைகின்றது. மருந்து வைத்தவள் என்று மாமியார் மீதும், மருமகள் மீதும், பக்கத்து வீட்டுக்காரி மீதும் பழி விழுகின்றது. பெரும்பாலும் பழி விழுவது பெண்கள் மீதே என்பதையும், அதிலும் துணையற்ற விதவைகள் மீதே என்பதையும் தோழர்கள் கவனிக்க வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் நோய் மாத்திரம் உள்ளேயே இருந்து வளர்ந்துகொண்டிருக்கும்.

உண்மைக் காரணம் என்ன?

1822ஆம் ஆண்டில் வட அமெரிக்காவில் செயிண்ட் மார்ட்டின் என்னும் கூலித் தொழிலாளிக்குத் துப்பாக்கிக் குண்டு பட்டு, வயிற்றில் மூடாத ஒரு துவாரம் ஏற்பட்டுவிட்டது. போமாண்ட் என்னும் டாக்டர் அத்துவாரத்தின் வழியாகப் பல வருஷங்கள் இரைப்பையின் வேலையைக் கண்ணால் பார்த்துக் குறித்து, 1833இல் புஸ்தகமாக வெளியிட்டார். வயிற்றில் எரிவது ஜடராக்கினி அல்ல, அமிலம் கலந்த ஒரு நீரே என்பது இப்படிப் பார்த்துத் தெரிந்துகொண்ட விஷயமேயல்லாமல் ஞான திருஷ்டியில் தெரிந்ததல்ல.

அமிலம் இருக்கின்ற இடத்தில் கிருமி வாழ முடியாது என்றுதான் டாக்டர்களும் வெகு காலம் நம்பியிருந்தார்கள். கவலையினாலும் காரத்தினாலுமே புண் வருகின்றது என்றார்கள். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் வாரன், மார்ஷல் என்ற இருவர் நோயாளிகளின் இரைப்பையில் சுருள் வடிவமான ஒரு கிருமியைக் கண்டார்கள். அதை வளர்த்துப் பார்க்கப் பலமுறை முயன்றும் முடியவில்லை. 1982இல் ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகளை எடுக்காமல் விட்டுவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது. உயிர்த்தெழுந்ததாகச் சொல்லப்படுகின்ற பண்டிகையில் உண்மையாக எழுந்தது இந்தக் கிருமி ஒன்றுதான் போலும்!

ஆயினும் வைத்திய உலகம் நம்பவில்லை. உடனே மார்ஷல் என்ன செய்தார்? எனக்குக் கனவில் கடவுள் சொன்னார் என்றாரா? 1984இல் அந்தக் கிருமியைக் கரைத்துத் தாமே குடித்தார். சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் கண்டது. குழாய் விட்டுப் பார்த்ததில் அவருடைய இரைப்பை அழற்சியுற்றிருந்தது. மருந்து சாப்பிட்டுக் குணமானார். 2005ஆம் ஆண்டு இருவருக்கும் நோபல் பரிசு கொடுக்கப்பட்டது. தன் வயிற்றையே சாட்சிக் கூண்டில் ஏற்றி உண்மையை நிரூபித்த இந்த மனிதரையும், பிறர் வயிற்றில் சூலையை ஏவித் தன் பெருமையை நிரூபித்ததாகச் சொல்லப்படும் கடவுளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்ளுகின்றோம்.

"ஹெலிகோபாக்டர் பைலோரி" என்பது அந்தக் கிருமியின் பெயர். உலக ஜனத்தொகையில் ஏறக்குறையப் பாதிப்பேர் வயிற்றில் இது இருக்கின்றது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, நெருக்கடியான வீடுகளிலும், நல்ல தண்ணீரும் கழிவிடமும் சரியாக இல்லாத இடங்களிலும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பற்றுகின்றது. வயிற்றில் இருக்கின்ற எல்லோருக்கும் வலி வருவதில்லை. நூற்றுக்குப் பத்து இருபது பேருக்குப் புண்ணாகின்றது. மிகச் சிலருக்கு இரைப்பைப் புற்றுநோயாகவும் முடிகின்றது. புற்றுநோய்க்குக் காரணமானவற்றில் ஒன்றாக 1994இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் இதைச் சேர்த்துவிட்டது.

இரண்டாவது காரணம் வலி மாத்திரைகள். ஆஸ்பிரின், டைக்ளோபினாக், புரூபன் முதலியவை வலியை அடக்குகின்றபோதே, இரைப்பையின் உள்தோலை அமிலத்தினின்று காப்பாற்றும் சரக்கையும் அடக்கிவிடுகின்றன. மூன்றாவது சாராயம், நான்காவது புகையிலையும் பீடியும். பித்த நீர் மேலேறி வருவதாலும், உடம்பே தன் இரைப்பையை எதிரியாகப் பாவித்துத் தாக்குவதாலும் வருகின்ற வகைகளும் சில உண்டு. இந்தப் பட்டியல் முழுவதையும் தேடிப் பாருங்கள். முற்பிறவியும் மாமியாரும் குலதெய்வமும் இதில் எங்காவது இருக்கின்றார்களா?

மீனும் பாலும்

இனி, மீன் தின்பதால் வயிறு எரிகின்றது என்கின்ற சாத்விக ஆகாரப் பிரசாரத்தைக் கவனிப்போம். கிருமி, பூணூலைப் பார்த்து ஒதுங்குவதுமில்லை. மீன் கூடையைப் பார்த்து ஓடி வருவதுமில்லை. குழம்பில் வெந்த மீன் எளிதில் ஜீரணமாகக் கூடியது. உடம்புக்கு வேண்டிய நல்ல சத்துள்ளது. இரைப்பை கெட்டவர்களுக்குக் குறைந்துபோகின்ற பி12 சத்தும் அதில் இருக்கின்றது. குற்றம் மீனில் இல்லை. அதில் கொட்டுகின்ற மிளகாய்த் தூளும் புளியும் எண்ணெயும் ரணப்பட்ட வயிற்றை உறுத்தக்கூடும். கருவாட்டு விஷயத்தில் மாத்திரம் எச்சரிக்கை வேண்டும். உப்பு மிகுந்த பண்டங்களைத் தினமும் தின்பது இரைப்பைக்குக் கெடுதல் என்றும் புற்றுநோய்க்கு வழி என்றும் ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகின்றார்கள். ஆகவே கருவாட்டைக் குறைத்துக்கொண்டு, பிடித்த மீனைப் புதிதாகத் தின்னுங்கள் என்பதே நமது அபிப்பிராயம்.

பசும்பால்தான் அமிர்தம், வயிற்றுப் புண்ணுக்கு அதுவே மருந்து என்பது மற்றொரு நம்பிக்கை. இதில் நம்மவரை மாத்திரம் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவில் சிப்பி என்னும் டாக்டர் 1915இல் மணிக்கொருதரம் பாலும் பாலேடும் கொடுக்கின்ற சிகிச்சையை ஏற்படுத்தினார். பல்லாண்டு காலம் மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளில் அதுவே சட்டமாக இருந்தது. பால் குடித்தவுடன் எரிச்சல் சற்று அடங்குவதுபோல் இருந்தாலும், பின்னால் அது அமிலத்தை அதிகமாகச் சுரக்கச் செய்கின்றது என்பது சோதனையில் தெரிந்தது. தெரிந்தவுடன் அந்தச் சிகிச்சையை விட்டுவிட்டார்கள். தப்பென்று தெரிந்ததை விட்டுவிடுவதுதான் விஞ்ஞானத்தின் யோக்கியதை. ஆயிரம் வருஷத்துத் தப்பையும் ஆசாரம் என்று கட்டிக்கொண்டு அழுவதுதான் வைதீகத்தின் யோக்கியதை.

உணவில் செய்யவேண்டியது

முதலாவது, வயிற்றை நெடுநேரம் காயப்போடக் கூடாது. கடலுக்கும் கடைக்கும் போகுமுன் வெறும் டீயோடு நிறுத்தாமல் கொஞ்சம் பழைய சோறும் மோரும், அல்லது கேழ்வரகுக் கூழ், கஞ்சி, இட்லி, வாழைப்பழம் இவற்றில் எது கிடைக்கின்றதோ அதைச் சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும். ஆடி மாதத்தில் அம்மன் பேரைச் சொல்லி அண்டா அண்டாவாகக் கூழ் ஊற்றுகின்றார்கள். கூழ் நல்ல ஆகாரமே. வருஷத்தில் ஒரு நாள் அம்மனுக்கு ஊற்றுவதைத் தினமும் காலையில் தன் வயிற்றுக்கு ஊற்றிக்கொண்டால் அம்மனுக்கும் நஷ்டமில்லை, வயிற்றுக்கும் லாபம்.

இரண்டாவது, ஒரே வேளையில் மூச்சு முட்டத் தின்னாமல் கொஞ்சம் கொஞ்சமாக நான்கைந்து வேளை தின்னவேண்டும். தின்றவுடன் படுக்கக் கூடாது. மூன்றாவது, சாராயத்தையும் பீடியையும் விடவேண்டும். இதில் பாதி விடுதல் என்பதற்கு அர்த்தமில்லை. நான்காவது, வெறும் வயிற்றில் கடுங்காப்பி, டீ, பொரித்த பண்டம் இவற்றைத் தள்ளிவைத்து, புடலை, பீர்க்கு, சுரை, பூசணி போன்ற காய்களைச் சேர்க்க வேண்டும். காரத்தால் புண் உண்டாவதற்கு ஆதாரமில்லை. ஆயினும் எதைத் தின்றால் எரிகின்றதோ அதை எரிச்சல் தீரும்வரை குறைப்பதுதான் புத்தி. ஐந்தாவது, விரதம். செவ்வாய், வெள்ளி, சஷ்டி, அமாவாசை என்று வயிற்றெரிச்சல்காரர்கள் பட்டினி கிடப்பது, எரிகின்ற அடுப்பில் பாத்திரம் வைக்காமல் அடுப்பையே எரிப்பதற்கு ஒப்பாகும்.

ஆறாவதாக நாம் சொல்லுவது ஆண்களுக்கு. புருஷன் தின்று, பிள்ளைகள் தின்று, மிச்சமிருந்தால் மனைவி தின்பது என்னும் வழக்கத்தைப் பதிவிரதா தர்மம் என்று எழுதி வைத்தவர்கள் எவரும் காலை முதல் மீன் விற்றுவிட்டு வந்து பசியோடு சமைத்தவர்கள் அல்லர். உழைக்கின்ற பெண்கள் பலருக்கு வயிற்றெரிச்சலைக் கொண்டுவந்து சேர்ப்பது இந்தத் தர்மமேயாகும். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து தின்பதும் சுயமரியாதைதான்.

சாப்பாடு மாத்திரம் போதுமா? போதாது. பத்தியத்தால் எரிச்சல் தணியும், கிருமி சாகாது. கிருமி இருக்கின்றதா என்பதை மூச்சுப் பரிசோதனையாலும், மலப் பரிசோதனையாலும், குழாய் விட்டுப் பார்ப்பதாலும் கண்டுபிடிக்கலாம். இருந்தால் அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு கிருமியைக் கொல்லும் மருந்துகளையும் சேர்த்துப் பெரும்பாலும் 14 நாட்கள் டாக்டர் சொன்னபடி விடாமல் சாப்பிடவேண்டும். நான்கு நாளில் வலி நின்றதென்று பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிப்போகும். மருந்துக் கடையில் "கேஸ் மாத்திரை" கேட்டு வாங்கி வருஷக்கணக்கில் விழுங்குவதும் தாயத்துக் கட்டுவதற்கு ஒன்றுவிட்ட தம்பியேயாகும். கருப்பாகத் தார்போல மலம் போதல், இரத்த வாந்தி, உடம்பு மெலிதல், விழுங்க முடியாமை, ஓயாத வாந்தி இவற்றில் ஒன்று கண்டாலும் ஒரு நாளும் தாமதியாமல் இராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்கோ போகவேண்டும். நெஞ்சை அடைத்து வேர்த்துக் கொட்டுவதைக் கேஸ் என்று நினைத்துச் சோடா குடித்து, மாரடைப்பில் மாண்டவர்கள் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

சர்க்காருக்கு ஒரு வார்த்தை

1954ஆம் வருஷத்திலேயே மாயமருந்து விளம்பரத் தடைச் சட்டம் ஒன்று செய்யப்பட்டிருக்கின்றது. மந்திரம், தாயத்து, கவசம் ஆகியவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வது அச்சட்டப்படி குற்றம். அதன் அட்டவணையில் இரைப்பை குடல் புண்ணும் இருக்கின்றது. 1976இல் அரசியல் சட்டத்தில் விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்றும் எழுதிச் சேர்த்தார்கள். சட்டம் ஏட்டில் இருக்கின்றது. தாயத்தோ நம்மவர் கழுத்தில் இருக்கின்றது. ஜப்பான் சர்க்கார் 2013 முதல் இரைப்பை அழற்சிக்காரர்களின் கிருமிச் சிகிச்சையை இன்ஷூரன்ஸ் செலவில் சேர்த்துவிட்டது. தைவானைச் சேர்ந்த மாட்சு தீவுகளில் 2004 முதல் ஊர் முழுவதையும் சோதித்துச் சிகிச்சை செய்ததில், இரைப்பைப் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அந்தத் தீவுகள் செய்ததைச் சென்னைக் குப்பங்களில் ஏன் செய்யக்கூடாது? நல்ல குடிதண்ணீரும், சாக்கடை கலவாத குழாயும், குப்பத்துக்குப் பக்கத்திலேயே இலவசக் கிருமிப் பரிசோதனையும் கேட்பது பிச்சையன்று, உரிமையேயாகும்.

உரிமை கேட்பது நொச்சிக்குப்பத்துத் தோழர்களுக்குப் புதிதல்ல. 2023 ஏப்ரலில் லூப் ரோட்டு மீன் கடைகளை அகற்றினபோது யாரும் அம்மனுக்கு மாவிளக்குப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஆணும் பெண்ணும் தெருவில் இறங்கி மறித்தார்கள், கோர்ட்டிலும் வாதாடினார்கள். 2024 ஆகஸ்டில் அங்கே 366 கடைகளோடு புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. பிழைப்புக்கு ஆபத்து வந்தபோது போராடத் தெரிந்தவர்கள், அந்தப் பிழைப்பால் நிரப்பவேண்டிய வயிற்றுக்கு ஆபத்து வந்தால் மாத்திரம் குழல்காரனிடம் போவானேன்?

இதே கடற்கரையில், அயோத்தியாகுப்பத்தில் மீனவர் வகுப்பில் 1860இல் பிறந்த தோழர் சிங்காரவேலர், "குடி அரசு" பத்திரிகையில் விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதி எழுதி நமக்குப் புத்தி புகட்டினார். அவர் பிறந்த மண்ணில் இன்னமும் வயிற்றுவலிக்குத் தொப்புளில் குழல் வைக்கப்படுமானால், அது அவருக்கு அவமானமல்ல, நமக்குத்தான் அவமானம்.

ஆகவே தோழர்களே! வயிறு எரிந்தால் யார் மருந்து வைத்தார்கள் என்று தேடாதீர்கள். நேரத்தில் சோறு வைத்தோமா என்று பாருங்கள். கிருமி இருக்கின்றதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். உண்டியலில் போட வைத்திருக்கும் காசைக் காலைச் சாப்பாட்டுக்குச் செலவு செய்யுங்கள். கும்பிடுகின்ற கை முதலில் சோற்றைப் பிசைந்து வாயில் வைக்கட்டும்.